கொட்டாஞ்சேனை லொட்ஜில் நான் பூட்டிய தண்ணீர்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு இந்தக் கிழவன் கையில் ஒன்றுமில்லாமல் பெருமை பேசுகிறான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

காடு வெட்டி, வேர் கிளப்பி, வரம்பு கட்டி எடுத்த மூன்று ஏக்கர் வயல். தண்ணீர் வராத இடம் என்று கிணறு பார்க்க வந்தவரே கைவிட்டுப் போன மேட்டில், பாறையை உடைத்து இறக்கிய கிணறு. யானை பிரித்துப் போட்ட மண்வீடு நின்ற அதே இடத்தில் கல்வீடு. கண்டி வீதியோரம் அரிசி மில். எங்கள் குடியேற்றத்தில் முதன்முதல் உழவு மெசின் வந்து இறங்கியது என் முற்றத்தில்தான். அதைப் பார்க்கத் துணுக்காயிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பிள்ளையார் கோயிலின் முன்மண்டபம், தூணெல்லாம் என் செலவு. இவ்வளவும் காய்ச்சலோடும் பாம்போடும் யானையோடும் இருந்துகொண்டு செய்தவை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த காணி, காலை நீட்டிப் படுத்தால் அடுத்தவன் வேலியில் முட்டுகிற அளவு. அங்கிருந்து ஒரு மண்வெட்டியோடு வன்னிக்கு வந்தவன் நான்.

இவை எல்லாம் ஊர் அறிந்தவை. ஊர் அறியாத ஒன்று இருக்கிறது. நான் கட்டியவற்றுள் பெரியது அதுதான். அதைக் கிளிநொச்சியில் நின்று கட்டவில்லை. கொழும்பிலே, கொட்டாஞ்சேனையில், ஒரு மலிவான லொட்ஜின் கட்டிலில் அரைத் தூக்கத்தில் கிடந்துகொண்டு கட்டினேன்.

அறுபதுகள் தொடங்கிய காலம். பெரிய குளத்திலிருந்து வருகிற வாய்க்கால் எங்கள் பக்கத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரியும். மேல் கிளையின் வாய்க்குக் கதவு கிடையாது. வருகிற தண்ணீரில் பெரும்பங்கை அது குடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே இருக்கிற எங்களுக்கு விடும். எங்கள் கிளையின் கடைசிக் காணி என்னுடையது. தொடர்ந்து மூன்று போகம், கதிர் வயிற்றில் இருக்கும்போதே என் பயிர் கருகியது. மேல் கிளைக்காரரை நான் பிழை சொல்ல மாட்டேன். கதவில்லாத வாய்க்கு எதிரே இருந்திருந்தால் நானும் குடித்திருப்பேன். அந்த இடத்தில் ஓர் இரும்புக் கதவு வைத்தால் முறை வைத்துத் தண்ணீர் விடலாம். அதற்கு எங்கள் சங்கம் எழுதிய பெட்டிசம் கொழும்பிலே நீர்ப்பாசன இலாகாவின் பெரிய கந்தோருக்குப் போய் அங்கேயே படுத்துவிட்டது.

என் மனைவி அதிகம் கதைக்காதவள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"இந்தப் போகமும் கருகினால் நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன். நீங்கள் இருந்து காட்டைப் பாருங்கோ."

குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மழையோடு விதைக்கிற காலபோகத்துக்குக் கதவு வந்தால் எனக்கு வீடு. வராவிட்டால் மூன்று ஏக்கரும் நானும்.

சங்கத்தின் செயலாளரும் நானும் கொழும்புக்குப் போவதென்று முடிவாயிற்று. செயலாளர் என்னிலும் மூத்தவர், நன்றாகப் படித்தவர், ஆங்கிலத்தில் கையெழுத்து வைப்பார். நான் அவரை அண்ணை என்றுதான் அழைப்பேன். அவருடைய மனைவியின் தம்பி அந்தப் பெரிய கந்தோரிலேயே கிளாக்கர். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து வருசக்கணக்காக இருந்தார். அந்த லொட்ஜிலேயே நாங்களும் தங்கினால் காலையும் மாலையும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கலாம், மனுசன் எவ்வளவு நாளைக்குத்தான் தட்டிக்கழிப்பார் என்பது அண்ணையின் யோசனை. அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு காரியம் என்றால் கந்தோரைத் தேடுவதற்கு முன்னம் தெரிந்த ஆளின் அறையைத்தான் தேடுவோம்.

அதற்கு முன் நான் தெற்கே போனது வவுனியாச் சந்தை வரைக்கும்தான். மெயில் ரயிலில் இரவு முழுக்க ஆடிக்கொண்டு போய் விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கினபோது, இன்னும் ஆடுவது ரயிலா நானா என்று தெரியவில்லை. அந்த ஆட்டம் கொழும்பில் இருந்த நாள் முழுக்க எனக்குப் போகவே இல்லை. மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாடி பஸ் ஒன்று சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்தது. தலைக்கு மேலே நீலப் பொறியொன்றைச் சிந்திவிட்டு வளைவில் மறைந்தது. அண்ணையிடம் காட்டத் திரும்பினேன். அதற்குள் பஸ் இல்லை. மேலே கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் கண்டது மெய்தானா என்று அண்ணையைக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை.

லொட்ஜ் மூன்று மாடி. கீழே சாப்பாட்டுக்கடையும் குசினியும். மேலே மரப்படி. ஒவ்வொரு மாடியிலும் பலகை அடித்துப் பிரித்த அறைகள்; பலகை கூரையைத் தொடாது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். ஆகையால் ஒருவர் இருமினால் மாடி முழுக்க இருமியது மாதிரி இருக்கும். யாரோ கனவில் தன் தாயைக் கூப்பிடுவார், வேறு யாரோ "ம்" என்பார். முதலாளி யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள். எங்களைப் பார்த்ததும் "வன்னியோ?" என்றார். ஓம் என்றோம். எங்களுடைய சேற்றுக் கால்விரல்களைப் பார்த்துவிட்டு, வெள்ளைத் துப்பட்டி விரித்திருந்த கட்டிலுக்குக் கோடுபோட்ட பழைய துப்பட்டியை மாற்றிக் கொண்டுவந்து விரித்தார். எனக்கு அதில் கோபமில்லை. அவருடைய வயலை அவர் பார்க்கிறார்.

தும்பு மெத்தை, மூட்டைப்பூச்சி, சுவரில் ஒரு சாமிப் படம், அதற்குப் பக்கத்தில் முன்பு இருந்தவர்கள் தலை சாய்த்த எண்ணெய்க் கறை. கறையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எத்தனை தலை அதில் இருந்திருக்கும், எல்லோரும் என்ன கேட்டு இந்த ஊருக்கு வந்திருப்பார்கள், கிடைத்ததா என்று நினைவு ஓடும். கூரையில் ஓர் ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி பதித்திருந்தது. அதால் விழுகிற வெயில் துண்டு காலையில் என் காலில் இருக்கும். மத்தியானம் வயிற்றுக்கு வரும். பின்னேரம் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் ஏறுவதைப் பார்த்தது போலவே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது கட்டில் மெல்ல நடுங்கும். வேலை இல்லாமல் படுத்திருப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை காலெல்லாம் வேறு யாருடையவோ மாதிரிக் கிடந்தன.

கிளாக்கரும் எங்கள் மேல்மாடியில்தான், கடைசி அறையில் இருந்தார். மெல்லிய ஆள், பவுடர் மணக்கும். கந்தோரால் வந்து, புட்டுச் சாப்பிட்டு, பேப்பரை விரிப்பார். அண்ணை பக்கத்தில் போய் இருப்பார். நான் வாசலில் நிற்பேன். அவர் சொல்வது ஒவ்வொரு நாளும் ஒன்றுதான்.

"பாப்பம் அத்தான். பைல் மேல போகவேணும். போனால் வரும்."

வெள்ளிக்கிழமையோடு பெரிய இஞ்சினியர் நீண்ட லீவில் போகிறார் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. போனால் திரும்பி வர அறுவடையாகிவிடும். அதற்கிடையில் கையெழுத்து வைக்க வேறு ஆள் இல்லை. அதைக் கேட்டதும் வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணினேன். அண்ணை மட்டும் தைரியமாக, தன் பெட்டிசத்தில் இருக்கிற ஆங்கிலத்தைப் படித்தால் கல்லும் கரையும் என்றார். கல் கரைந்தது போல எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை விடியப்புறம்தான் அது நடந்தது.

நான் வாய்க்கால் கட்டின் மேல் படுத்திருக்கிறேன். நிலவு. தவளைகள் ஓய்ந்துவிட்டன. என் முறைத் தண்ணீர், ஆனால் என் வயலுக்குப் போகாமல் எங்கேயோ இருட்டுக்குள் யாருடைய காணிக்கோ போகிறது. சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. சின்னச் சிரிப்பு மாதிரி ஒரு சலசலப்பு. எழும்புகிறேன். கட்டு மண் காலுக்குக் குளிர்கிறது, ஆனால் வழுவழுவென்று சீமெந்து போல இருக்கிறது. கட்டு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. வன்னியில் எந்த வாய்க்கால் கட்டும் படி வைத்து இறங்காது என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது. நான் அதைக் கேட்கவில்லை. சத்தத்துக்குப் பின்னால் போகிறேன்.

போய் நின்ற இடம் லொட்ஜின் குசினி; அங்கே பெரிய தொட்டியொன்று நிரம்பி வழிந்து கழிவுப் பீலியால் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் திறந்தபடி. ஒரு ஆளும் இல்லை. வேறு யாரும் என்றால் அந்தக் குழாயைப் பூட்டியிருப்பார்கள். எங்கள் பழக்கம் அது இல்லை. தண்ணீரை நிற்பாட்டுவது என்றால் வழிகிற இடத்தில் நிற்பாட்டக் கூடாது, அது புறப்படுகிற தலையில் நிற்பாட்ட வேண்டும். இல்லாவிட்டால் இங்கே அடைக்க அங்கே உடைக்கும். ஆகவே நான் குழாயைப் பின்பற்றிச் சுவரோடு சுவராகத் தடவிக்கொண்டு போனேன். மரப்படிக்குக் கீழே, தடித்த குழாயில், ஒரு பித்தளைச் சக்கரம் இருந்தது. திருகினேன். சலசலப்பு மெலிந்தது. இன்னும் திருகினேன். நின்றது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மற்ற வாய்க்கால்களில் இருந்த இரும்புக் கதவுகளைத் தூக்கி இறக்குகிற கைச்சக்கரம், யாருடைய முறையோ அவனுடைய தலைமாட்டில்தான் இருக்கும். அதைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போகிறவன் தண்ணீரையும் விட்டுவிட்டுப் போகிறான். லொட்ஜின் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற சுரை தளர்ந்து கிடந்தது. சுரையைக் கழற்றினேன். சக்கரம் கையோடு வந்தது. மேலே கொண்டுபோய்த் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். மூன்று போகமாக நான் நித்திரை கொள்ளாத நித்திரை, அதைக் கொண்டேன். என் வயலில் தண்ணீர் மினுங்கியது. நெல் வளருகிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு நெல் திட்டத் தொடங்கியது. நாலைந்து குரலில் திட்டியது. கண்ணைத் திறந்தால், என் கட்டிலைச் சுற்றி லொட்ஜ் முழுக்க நின்றது. துவாயோடு சிலர், வாயில் பற்பசை நுரையோடு சிலர். நடுவில் கிளாக்கர். இடுப்பில் துவாய், தலையிலிருந்து முழங்கால்வரை சவர்க்காரம், ஒரு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். மேல்மாடிக் குளியலறையில் பாதிக் குளிப்பில் தண்ணீர் நின்றுவிட்டது. குசினியில் தேத்தண்ணிக்கும் தண்ணீர் இல்லை. படிக்குக் கீழே சக்கரத்தைக் காணவில்லை. வன்னியாள் ஒருவர் அந்தப் பக்கமாக நடந்து போனதைக் கடைக்கு விறகு கொண்டுவந்தவர் கண்டிருக்கிறார். முதலாளி என் தலையணையைத் தூக்கினார். பித்தளை மினுங்கியது.

"இதென்ன வேலை?" என்றார் முதலாளி.

"வீணாய் ஓடிச்சுது. பூட்டினன்."

"பூட்டினது சரி. சக்கரத்தை ஏன் கொண்டந்தனி?"

"முறை ஆருடையதெண்டு தெரியேல்லை. தெரியும்வரைக்கும் வைச்சிருப்பம் எண்டு."

யாரோ சிரித்தார்கள். அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், என்னைத் தெரியாத ஆள் போல. கிளாக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. சவர்க்காரம் அவர் நெற்றியால் வழிந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கண் எரியுது. கந்தோருக்கு நேரம் போகுது. ஒரு சொட்டுத் தண்ணி மேல வரேல்லை. தண்ணியில்லாமல் நிக்கிறது என்னண்டு உமக்குத் தெரியுமோ?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. அப்போதும் எனக்குப் பாதிக் கனவுதான்.

"தெரியும் ஐயா. மேல்மாடி, கடைசி அறை. நீங்கள் வாய்க்காலின்ர வாலிலை இருக்கிறியள். நீங்கள் இப்ப கொஞ்ச நேரமாய் நிக்கிறியள். நாங்கள் மூண்டு போகமாய் நிக்கிறம்."

சிரிப்பு நின்றது. முதலாளி சக்கரத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். கிளாக்கர் திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். கோபம்தான். ஆனால் அதோடு வேறு ஏதோவும் இருந்தது, பேர் தெரியாத ஆளைச் சந்தையில் கண்டு எங்கே கண்டேன் என்று தேடுகிற மாதிரி. பிறகு குளியலறைப் பக்கம் திரும்பி நடந்தார். தண்ணீர் வந்து, அவர் அவசரமாக ஊற்றிக்கொண்டு, காதுக்குப் பின்னால் வெள்ளையாகக் காய்ந்த சவர்க்காரத்தோடு பஸ்ஸுக்கு ஓடினதை நான் ஜன்னலால் கண்டேன்.

அன்றைக்கு முழுக்க அண்ணை என்னைச் சும்மா விடவில்லை. "நீ கதவு கேக்க வந்தனியோ, குழாய் பூட்ட வந்தனியோ?" என்பார். பிறகு, "நான் ஆறு மாசமாய் எழுதினதை நீ ஒரு திருகிலை முடிச்சுப்போட்டாய்" என்பார். மல்லாந்து படுத்துக் கண்ணாடி ஓட்டைப் பார்த்தேன். அன்று வானம் மப்பு. வெயில் துண்டு வரவே இல்லை. மனைவியின் பெட்டி என் கண்ணுக்குள் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் சட்டைகளை அவள் மடித்து அடுக்குவது தெரிந்தது. கொழும்பை விட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வழி முழுக்க யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பின்னேரம் கிளாக்கர் வந்தார். பேப்பரை எடுக்கவில்லை. எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"அத்தான், நாளைக்குக் காலமை கந்தோருக்கு வாங்கோ" என்றார். பிறகு என்னைக் காட்டி, "உவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவரைத்தான் கேக்கினம்" என்றார்.

நடந்தது இதுதான். காதுக்குப் பின்னால் சவர்க்காரம் என்னவென்று கந்தோரில் கேட்டிருக்கிறார்கள். இவர் சொல்லியிருக்கிறார். ஒரு மேசை சிரித்து, அடுத்த மேசை சிரித்து, சிரிப்பு கதவைத் தாண்டிப் பெரிய இஞ்சினியரின் அறைக்குள் போய்விட்டது. சக்கரத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிற ஆளை எனக்குக் காட்டு என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த அறை எனக்குத் தண்ணீருக்குக் கீழே இருக்கிற அறை மாதிரி ஞாபகம். பச்சைக் கண்ணாடி, மெல்லச் சுற்றுகிற காற்றாடி, சுவர் முழுக்கக் குளங்களின் படம். அண்ணை ஆங்கிலத்தில் தொடங்கினார். இஞ்சினியர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். கிளாக்கர் தமிழில் சொன்னார்: கதவு வைத்துக் கொடுத்த இடமெல்லாம் ஒரு மழைக்குள் உடைத்துப் போடுகிறார்களாம், உங்கள் கதவை யார் பார்ப்பது என்று ஐயா கேட்கிறார்.

"சக்கரம் முறைக்காரன்ர தலைமாட்டிலை இருக்கும்" என்றேன்.

"மேல் கிளைக்காரர் முறையெண்டால்?"

"அவையின்ர தலைமாட்டிலை. நான் பக்கத்திலை படுப்பன்."

கிளாக்கர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். இஞ்சினியர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவரில் இருந்த படத்தில் எங்கள் வாய்க்காலைத் தேடி, விரலை அதன்மேல் வைத்து, வால்வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். என் காணியில் அவர் விரல் நின்றதைக் கண்டேன். பிறகு மேசைக்கு வந்து எழுதினார்.

கதவு விதைப்புக்கு வரவில்லை. விதைத்து, முளைத்து, மழை இரண்டு பெய்து, இனி வராது என்று இருக்கும்போது ஒரு லொறி சேற்றில் புதைந்தபடி வந்தது. என்னுடைய மாடுகள்தான் அதை இழுத்தன. கதவு ஏறி, முதல் முறை எங்களுக்கு வந்தபோது, தண்ணீர் என் கடைசிப் பாத்திக்கு வர அந்தி ஆகிவிட்டது. வானமும் பாத்தியும் ஒரே நிறமாக இருந்தன. வரம்பு எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை. என் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு, "கால் நனையுது" என்றாள். ஊருக்குப் போகிற கதையை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. அதில் திறந்துவைத்த அரசியல்வாதியின் பெயர் இருக்கிறது. இஞ்சினியரின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே செயலாளர் அண்ணையின் பெயர் இருக்கிறது. அண்ணை நல்ல மனிதர். ஒரு கூட்டத்தில்கூட அந்த லொட்ஜைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. தன் பெட்டிசம்தான் கதவைக் கொண்டுவந்தது என்று நம்பியே கண்ணை மூடினார். நானும் அவர் இருக்கும்வரை மறுத்துப் பேசவில்லை. இப்போது கல் வெடித்துப் போனதால் சங்கத்துப் பிள்ளைகள் புதுக்கல் வைக்கப் போகிறார்களாம். பழையதில் இருந்த பெயர்களை அப்படியே வெட்டப் போகிறார்களாம். என்னிடம் நன்கொடை கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். என் பெயரையும் கல்லில் போடவோ என்று அவர்கள் கேட்கவில்லை.

ஆகவே நானே சொல்கிறேன். அண்ணையின் பெயரை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். மற்றப் பெயர்களும் இருக்கட்டும். என் பெயரை நாலாவதாகப் போடுகிறோம், கீழே சின்ன எழுத்தில் போடுகிறோம் என்று சமாதானம் பேச யாரும் என் வீட்டுக்கு வர வேண்டாம். தண்ணீரைப் பூட்டியவன் நான். அந்த அறையில் என்னைத்தான் கேட்டார்கள், நான்தான் பதில் சொன்னேன். என் பெயரை முதலாவதாக வெட்டுங்கள்.